நான் வேண்டாம் என்ற பணம்

சென்னையில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அம்மாவுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். வசதியானவர்களிடம் பணம் வாங்கி ஒன்றாகச் சேர்ப்போம்; அதற்கு நிதி என்று பெயர். அதைக் கொண்டு வளர்ந்துவருகிற சின்னக் கம்பெனிகளில் பங்கு வாங்குவோம். கம்பெனி பெரிதானால் பங்கை விற்று, வந்ததைப் பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்போம். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வட்டிக்கு விடுறதா?" என்பாள். இல்லை என்பேன். "சீட்டா?" அதுவும் இல்லை. "பெருசாகலைன்னா?" என்று ஒருமுறை கேட்டாள். போனது போனதுதான் என்றேன். அன்றிலிருந்து யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லி முடித்துவிடுகிறாள்.

அந்த நிறுவனத்தில் என் பதவியின் பெயர் முதலீட்டாளர் உறவு மேலாளர். பணம் போடக்கூடியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது, பேசுவது, போட்ட பிறகு அவர்களை மறந்துவிடாமல் நிலவரம் சொல்லிக்கொண்டே இருப்பது. முதல் சந்திப்பில் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது. கெட்ட செய்தியை மற்றவர் சொல்லிக் கேள்விப்படும் முன் நாமே சொல்லிவிட வேண்டும். இவ்வளவு வரும் என்று ஒருநாளும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் நான் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை கைவந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்களுடைய இரண்டாவது நிதிக்குப் பணம் திரட்டும்போது சென்னையிலும் கோயம்புத்தூரிலும் யாரும் பிடி கொடுக்கவில்லை. "மார்ச்சுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்றவர்கள் மார்ச்சுக்கு அப்புறம் போனை எடுக்கவில்லை. ஒருநாள் எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நிறுவனத்தை ஆரம்பித்தவர் அவர்தான். நல்ல மனிதர், சென்னையை விட்டால் பம்பாய் மட்டும் தெரியும்.

"உங்க ஊர்ப்பக்கம் போய்ப் பாருங்களேன். மில்லுக்காரங்க இருக்காங்க, வெளிநாட்டுல சம்பாதிச்சவங்க இருக்காங்க. சோலாருக்கு நிலம் கொடுத்தவங்க கையில பணம் இருக்கும். நம்மளை மாதிரி யாரும் அங்கே போயிருக்க மாட்டாங்க."

ஏன் யாரும் போகவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று பஸ் ஏறிவிட்டேன்.

முதலில் போனது அருப்புக்கோட்டையில் பெயிண்டும் பைப்பும் விற்கிற ஒரு பாய் கடைக்கு. அவர் பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். இப்போது கடைக்கு மேலே மாடி, மாடிக்கு மேலே இன்னொரு மாடி, பக்கத்திலேயே வாடகைக்கு விட்ட கட்டடம். என் அப்பா உயிரோடு இருந்தபோது வீட்டுக்கு வெள்ளையடிக்க அவரிடம்தான் எல்லாம் வாங்குவார். அந்தப் பழக்கத்தில் அவரை அண்ணே என்றே கூப்பிடுவேன்.

முதல் சந்திப்பில் பணம் பற்றிப் பேசக் கூடாது என்ற என் விதியை அவர் டீ வருவதற்குள் உடைத்துவிட்டார்.

"சும்மா வந்திருக்க மாட்ட. சொல்லும்மா, என்ன விசயம்?"

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. "நட்டம் வந்தா யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அண்ணே. மத்தவங்களுக்கும் அவங்க போட்ட அளவுக்கு."

"ஒங்க கம்பெனிக்கு?"

"எங்க பங்குக்கு நாங்களும் கொஞ்சம் போட்டிருக்கோம். அது எங்களுக்கு நட்டம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது வட்டி இல்ல. லாபத்துலயும் பங்கு, நட்டத்துலயும் பங்கு. இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான!"

சென்னையில் நட்டம் என்ற வார்த்தையை எங்கே வைத்தால் உறுத்தாது என்று நாங்கள் கூடி உட்கார்ந்து ஆலோசிப்போம். இவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார். சரி, கிடைத்தார் என்று நினைத்தேன். அடுத்த கேள்வியில் கதை மாறியது. நாங்கள் வாங்கப்போகிற கம்பெனிகளில் கடன் கொடுக்கும் கம்பெனி ஏதாவது உண்டா என்றார். ஒன்று இருந்தது. பெண்கள் குழுக்களுக்கு லோன் கொடுக்கிற கம்பெனி. எங்கள் பட்டியலிலேயே நான் பெருமையாகச் சொல்வது அதைத்தான்.

"அது வட்டிக் காசு. அதுல எங்காசு போகக்கூடாதும்மா. அத மட்டும் விலக்கி வச்சா யோசிக்கிறேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன். மாடிப்படி வரை வந்து, "அவசரமில்ல. எனக்கு ஒரு வருசம் ஆகும் முடிவெடுக்க" என்றார். என் நிதிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

மறுநாள் பரளச்சியைத் தாண்டி எங்கள் ஊருக்குப் போனேன். பெரியப்பாவைப் பார்க்கத்தான். என் அப்பாவின் பெரியப்பா மகன் அவர். அப்பா இறந்தபோது எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தவர். அவருடைய மானாவாரி நிலத்தில் பாதியைச் சூரியமின் கம்பெனிக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். பருத்தியும் கம்பும் பார்த்த கரிசலில் இப்போது கண்ணாடிப் பலகைகள் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. கம்பி வேலிக்கு வெளியே ஆடுகள் மேய்கின்றன. அவரிடம் பணம் கேட்பது என் எண்ணமே இல்லை. வேறு யார் யார் நிலம் கொடுத்தார்கள் என்று விசாரிக்கப் போனேன்.

"பெரியப்பா, நம்ம பக்கம் நெலம் வித்த பணத்தக் கையில வச்சிருக்கவுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க. பேசிப் பாக்கணும்."

"ஏன் தாயி, என்னையப் பாத்தா ஆளாத் தெரியலயா ஒனக்கு?"

எல்லோரிடமும் சொல்கிற எச்சரிக்கைகளை அவரிடமும் சொன்னேன். "இது ஏழு வருசத்துக்கு எடுக்க முடியாது பெரியப்பா."

"எடுத்து என்ன செய்யப் போறேன்? கையில இருந்தா ஆளாளுக்கு வந்து கேக்குறான். ஒங்கிட்ட இருந்தா எவன் கேப்பான்?"

"நட்டமாகலாம்."

"மானாவாரி வெவசாயம் பாத்தவன்கிட்டப் போயி நட்டத்தப் பத்திப் பேசுறா பாரு" என்று பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்தக் கம்பெனியில போடுவோம்னு கேக்க வேணாமா?"

"நீ பாத்துப் போட மாட்டியா?"

"நான் போடுறதில்ல பெரியப்பா. அதுக்கு வேற ஆளுக இருக்காக."

"அவுககிட்ட நீ சொல்லுவல்ல. பெறகென்ன?"

குறைந்தபட்சம் ஒரு கோடி ரூபாய் போட்டால்தான் சேர்த்துக்கொள்வோம். அரசாங்க விதி அது. சென்னையில் சாதாரணமாகச் சொல்லிவிடுவேன். பெரியப்பா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

திரும்பி வருகிற மினிபஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு முதலீட்டாளர் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்து நான் பார்த்ததில்லை. சென்னையில் ஒருவரிடம் நம்பிக்கை வாங்க மாதக்கணக்கில் அலைவோம். நம்பிக்கை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது எங்கள் கணக்கு. இங்கே நான் வாயைத் திறக்கும் முன்பே அது வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் நம்பியது நிதியையா, என்னையா, செத்துப்போன என் அப்பாவையா? தலைவருக்குப் போன் செய்து சொன்னபோது அவர், "எக்சலன்ட்! நானே வந்து அவரைப் பார்க்கிறேன்" என்றார். அவர் குரலில் இருந்த உற்சாகத்தில் என் குழப்பத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

தலைவர் நிஜமாகவே வந்தார். மதுரையில் இறங்கிக் கார் பிடித்து, வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வேலிக்கருவேல் காடுகளைப் பார்த்து, "இவ்வளவு நிலம் சும்மா கிடக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரியப்பா வீட்டை நெருங்கும்போது வாசலில் சாமியானா போட்டிருந்தது. வாடகை நாற்காலிகள். ஒரு ஓரத்தில் பெரிய பாத்திரத்தில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். நரிக்குடியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள்.

"இன்னைக்கு வீட்டுல ஏதாவது விசேஷமா?" என்று தலைவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பெரியப்பா தலைவருக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் நெகிழ்ந்துபோனார். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னதும், இந்த மண்ணின் மக்களின் உழைப்பைப் பற்றி நன்றாகவே பேசினார். நான் பின்னால் பெண்களோடு நின்றிருந்தேன். அப்போது ஒரு அத்தை என் கையைப் பிடித்தாள். எனக்கு ஒன்றுவிட்ட அத்தை. புருஷன் இல்லை. ஆடு வளர்க்கிறாள்.

"எங்காசு யாரு பேர்ல இருக்கும் தாயி?"

"எந்தக் காசு அத்தை?"

"அதான், ஒங்க கம்பெனியில போடுறமே, அது. அண்ணன் பேர்லதான் எல்லாரு காசும் போகும்னாக. நானும் கெடாய்கள வித்துக் குடுத்துட்டேன். எங்கிட்டு எழுதியிருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லதுல்ல?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியப்பா கையில் இருந்தது அந்தத் தொகையில் ஒரு பங்குதான். மீதியைச் சொந்தக்காரர்களிடம் திரட்டியிருக்கிறார். நான் சென்னையில் செய்யத் தடுமாறியதை அவர் இங்கே சுலபமாகச் செய்து முடித்திருந்தார். நிலம் விற்றவர்கள், சவூதியிலிருந்து மகன் அனுப்பியதைச் சேர்த்தவர்கள், ஆடு விற்ற அத்தை, எல்லோருடையதும் சேர்ந்து ஒருவர் பெயரில் வரப்போகிறது. இது கூடாது. விதியில் இதற்கு இடமே இல்லை. இவ்வளவு பெரிய தொகை போடக்கூடியவர்தான் நட்டத்தையும் தாங்குவார் என்பதற்காகத்தான் அந்த விதியே இருக்கிறது.

தலைவர் பேசி முடித்து உட்கார்ந்ததும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "வா தாயி, நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு. ஒன்னைய நம்பித்தான் எல்லாம் வந்திருக்காக."

முன்னால் போய் நின்றேன். தனியாகக் கூப்பிட்டுப் பெரியப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றவில்லை. கெட்ட செய்தியை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கம் என்னைத் தள்ளிவிட்டது.

"இத நாங்க வாங்க முடியாது" என்றேன். "ஒருத்தர் பேர்ல பல பேரு பணம் வரக்கூடாது. ஒவ்வொருத்தரும் அந்தத் தொகைய தனியாப் போட முடிஞ்சாத்தான் சேத்துக்குவாக. இதுல ஏழு வருசம் கைய வைக்க முடியாது. மகளுக்குக் கல்யாணம்னாலும் ஆஸ்பத்திரிச் செலவுன்னாலும் எடுக்க முடியாது. முழுசாப் போனாலும் போகும். தயவுசெஞ்சு குடுத்ததத் திருப்பி வாங்கிக்கிருங்க."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். பெரியப்பாவின் மச்சினர்.

"ஏம்மா, ஒங்க ஆபீசுக்கு எங்க காசு ஆகாதா? டவுன்காரன் காசுதான் ஆகுமா?"

"அப்படியில்ல மாமா..."

"பெறகெப்படி? நட்டமாகும்னு எங்களுக்குத் தெரியாதா? வேணும்னு நாங்க சொல்றோம். வேணாம்னு சொல்ல நீ யாரு?"

இந்தக் கேள்விக்கு நான் எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லை. போடுங்கள் என்று சொல்ல ஆயிரம் வார்த்தை வைத்திருந்தேன். தலைவர் பக்கம் பார்த்தேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "சாப்பாடு ஆறுது. எல்லாரும் சாப்பிடுங்கய்யா" என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டோம். பெரியப்பா தலைவருக்குத் தன் கையாலேயே கறி வைத்தார். எனக்குப் பெரியம்மா வைத்தாள்.

காரில் தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அவர் ஒருத்தர் பேர்ல செக் வந்திருந்தா நாம கேட்டிருக்கவே மாட்டோம், இல்ல?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார்."

"ஆமா. தெரிஞ்சா வாங்கக் கூடாது. நீங்க செஞ்சது சரிதான்."

சரி என்றுதான் சொன்னார். ஆனால் அதைச் சொன்ன விதத்தில், தெரியாமல் இருந்திருக்கலாமே என்கிறாரா, தெரிந்ததும் நிறுத்தியதைப் பாராட்டுகிறாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டார். போன் செய்தால் பெரியம்மா எடுத்து, வெளியே போயிருக்கிறார் என்பாள். அடுத்து வந்த ஒரு காதுகுத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. அம்மா ரொம்ப நொந்துபோனாள். "ஊரெல்லாம் ஒறவு பிடிக்கிறதுதான் ஒன் வேலைன்ன. இருந்தவுகளையும் வெரட்டிட்டு வந்திருக்க" என்றாள்.

மனசு தாங்காமல் பெயிண்டுக் கடை அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விதியை மதிக்கிற மனிதர், நான் செய்தது சரி என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர், "நான் இந்தக் கடைய எப்படிப் போட்டேன்னு நெனைக்கிற?" என்றார். "சவூதியில ரூம்ல இருந்த ஆளுக, ஊர்ல மாமன் மச்சான், எல்லாரும் என்னைய நம்பிக் குடுத்த காசு. ஒரு தாள்ல எழுதல. லாபத்துல பங்கு குடுத்தேன். பிரிஞ்சு போகணும்னவுகளுக்குப் பிரிச்சுக் குடுத்தேன். அன்னைக்கு யாராச்சும் வந்து சட்டம் பேசியிருந்தா இந்தக் கடை இல்லம்மா."

"அப்ப நான் செஞ்சது தப்பா அண்ணே?"

"அப்படிச் சொல்லல. எனக்கு நட்டம் வந்தாலும் நான் இதே தெருவுலதான் நடக்கணும். குடுத்தவன் மொகத்துல முழிக்கணும். ஒங்க கம்பெனி எங்க இருக்கு? நட்டம் வந்தா ஒங்க சார் பரளச்சிக்கு வருவாரா?"

வரமாட்டார். ஆனால் நான் வர வேண்டியிருக்கும். அப்படியென்றால் நான் காப்பாற்றியது அவர்களையா என்னையா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அந்த அண்ணன் கடைசியில், கேட்ட ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ளாமலே, எங்கள் நிதியில் சேர்ந்தார். கடன் கொடுக்கும் கம்பெனியில் அவர் பணம் போகாமல் விலக்கி வைக்க எங்கள் வக்கீல் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு பெங்களூரில் ஒரு பெரிய முதலீட்டாளர், வேறு ஏதோ காரணத்துக்காக, சாராயக் கம்பெனியில் தன் பணம் போகக் கூடாது என்றார். உடனே விலக்கி வைக்க வழி பிறந்துவிட்டது. அந்த வழியிலேயே அண்ணனும் வந்தார். நான் அலைந்ததற்கும் அவர் சேர்ந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று சொல்லத் தெரியவில்லை. நான் அனுப்புகிற நிலவரத்துக்கெல்லாம் அவர் பதில் எழுதுவதில்லை. மற்றவர்கள் குடைந்து எடுக்கும்போது இவர் மட்டும் ஏன் கேட்பதில்லை என்று பயந்து நேரில் போய்க் கேட்டேன். "கெட்டது நடந்தா நீயே சொல்லுவ. சொல்லலைன்னா நல்லா இருக்குன்னுதான அர்த்தம்?" என்றார்.

ஒரு வருஷம் கழித்துப் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. நடுவில் எதுவுமே நடக்காத மாதிரிப் பேசினார்.

"ஊருக்கு வாரியா? ஒரு சோலி இருக்கு. குமாரலிங்கபுரம் வரைக்கும் போகணும்."

லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்ன பணத்தை அவர்கள் வாங்கிக்கொள்ளவே இல்லை. குமாரலிங்கபுரத்துப் பக்கம் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அதற்குக் கொஞ்சம் தள்ளி எல்லோருமாகச் சேர்ந்து நிலம் வாங்கிப் போட்டிருந்தார்கள். கருவேலை வெட்டிக் கல் நட்டிருந்தது. பெரியப்பா குடை பிடித்துக்கொண்டு எல்லை காட்டினார். மரம் ஒன்றுகூட இல்லை.

"பாதிப்பேரு வித்துரலாம்ங்குறாக. பாதிப்பேரு பூங்கா வரட்டும், இன்னும் ஏறும்ங்குறாக. ஒருத்தனுக்கொருத்தன் மொகம் பாத்துப் பேசுறதில்ல. என் மச்சினன் என்னையவே கள்ளன்னு சொல்லிப்புட்டான். நீதான் இந்த மாதிரி ஆளுகளப் பேசிச் சமாளிக்கிறவ. பேசு."

மறுநாள் பெரியப்பா வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். இந்தமுறை சாமியானா இல்லை, கறியும் இல்லை. எங்கள் நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று முதலில் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த முறையில் ஆரம்பித்தேன். கெட்டதை முதலில் சொன்னேன். பூங்கா எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, விலை ஏறாமலும் கிடக்கலாம். இப்போது யாருக்குப் பணம் அவசரம், யாரால் காத்திருக்க முடியும் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். மச்சினர் மாமா ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு ஆபரேஷன் செலவு இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குக்கூடத் தெரியவில்லை.

"ஏலே, இதச் சொல்றதுக்கென்ன ஒனக்கு?" என்றார் பெரியப்பா.

"கேட்டியாக்கும்?" என்றார் மாமா.

சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு வந்தது. போக வேண்டியவர்களின் பங்கை இருக்கப்போகிறவர்கள் வாங்கிக்கொள்வது, விலை வெளியில் விசாரித்த விலை. ஆடு வளர்க்கிற அத்தையும் விலகிக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் லாபம் வந்தது. திருப்பி ஆடு வாங்கப்போவதாகச் சொன்னாள். என் வேலையில் நான் இவ்வளவு நன்றாக ஒரு கூட்டம் நடத்தியதில்லை. ஆனால் எந்த விதிப்படி நடத்தினேன், நடத்தலாமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வக்கீலிடம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார் என்பதால் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பெரியப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"அன்னைக்கு நீ வேணாம்ன பாரு. அது எங்க நல்லதுக்கா, ஒங்க கம்பெனி நல்லதுக்கா?"

"அப்ப சட்டம்னுதான் நெனச்சேன் பெரியப்பா."

"நான் சட்டத்தக் கேக்கல."

யோசித்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை. "தெரியல பெரியப்பா" என்றேன். "ஒங்க நிதி எப்படிப் போகுது?" என்றார். இன்னும் சொல்ல முடியாது, ஏழு வருஷம் முடியணும் என்றேன். "நம்மளதும் அப்படித்தான்" என்று எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார். கோபம் தீர்ந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கிளம்பும்போது பெரியம்மா ஒரு பை நிறையக் கம்பு கொடுத்தாள். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

சென்னைக்கு வந்த கொஞ்ச நாளில், ஆபீசில் மூன்றாவது நிதிக்கு யாரை எப்படி அணுகுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை போன் செய்தாள். வெளியே வந்து எடுத்தேன்.

"அங்கிட்டு நெலம் ஏறிருச்சாம்ல தாயி. வித்தவுகள்லாம் ஏமாந்துட்டாகன்னு பேசிக்கிறாக. நான் அவசரப்பட்டுட்டனா?"

"தெரியல அத்தை. ஏறுனது நெசமா, பேச்சான்னும் தெரியல."

"ஒனக்கே தெரியலைன்னா யாருக்குத்தான் தெரியும்?"

அதற்குள் அவள் பக்கத்தில் ஆடு கத்தியது. குட்டி போடப்போகிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். உள்ளே தலைவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். மாவட்டங்களில் இருக்கும் முதலீட்டாளர்களோடு உறவை வளர்ப்பது எப்படி என்று புதிய பிள்ளைகளுக்கு நான்தான் அன்றைக்குப் பாடம் எடுக்க வேண்டும். போய் அவர்கள் முன்னால் நின்றேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "உங்களுக்கு என்ன தெரியணும், முதல்ல நீங்க கேளுங்க" என்றேன்.